சல்லடையும் தராசும்

நீலகிரி மலையில் குன்னூருக்குச் செல்பவர்கள் சிம்ஸ் பூங்காவைப் பார்க்காமல் திரும்புவதில்லை. அந்தப் பூங்காவுக்கு அருகில்தான் பாஸ்டர் நிலையம் இருக்கிறது. வெறிநாய்க்கடிக்கு மருந்து தயாரித்து வழங்குவதற்காக, தென்னிந்திய மக்களுக்கென்று 1907ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட நிலையம் அது.

அக்காலத்தில் பயன்பட்ட மருந்தைப் பற்றி உங்கள் வீட்டுப் பெரியவர்களைக் கேட்டுப் பாருங்கள். "தொப்புளைச் சுற்றி ஊசி போடுவார்களே, அதுதானே!" என்பார்கள். காசௌலியில் பணியாற்றிய டேவிட் செம்பிள் என்ற மருத்துவர் 1911ஆம் ஆண்டில் வெளியிட்ட முறை அது. வெறிநோய்க் கிருமியை ஆட்டின் மூளையில் வளர்த்து, பின் அதனைச் செயலிழக்கச் செய்து, அந்த மூளைத் திசுவின் கரைசலையே ஊசி மருந்தாகக் கொடுத்தார்கள். பல இலட்சம் பேரை அது காத்தது. ஆனால் அதில் ஓர் ஆபத்தும் இருந்தது. ஆட்டின் மூளைத் திசுவை எதிர்க்கப் புறப்பட்ட உடலின் காவற்படை, சிலரிடம் தவறுதலாகச் சொந்த நரம்புகளையே தாக்கியது. சில ஆயிரம் பேரில் ஒருவருக்கு, சில கணக்குகளின்படி சில நூறு பேரில் ஒருவருக்கே, பக்கவாதம் போன்ற கடுமையான விளைவு ஏற்பட்டது.

அப்படியானால் அந்த ஊசியைப் போட்டது சரியா? சரிதான். வெறிநோயின் அறிகுறிகள் தோன்றிவிட்டால் பிழைப்பவர் கிட்டத்தட்ட எவரும் இல்லை. தராசின் ஒரு தட்டில் உறுதியான மரணம். மறு தட்டில் அரிதான பக்கவாதம். எந்தத் தட்டு கனம் என்பதில் ஐயமில்லை. பிறகு உயிரணு வளர்ப்பு முறையில் செய்த பாதுகாப்பான மருந்துகள் வந்தன. தட்டுகளின் எடை மாறியது. 2004ஆம் ஆண்டின் இறுதியில் இந்தியாவில் மூளைத் திசு மருந்து கைவிடப்பட்டது.

இந்தத் தராசைக் கையில் வைத்துக்கொண்டு இன்னொரு கேள்விக்குச் செல்வோம். நாய் கடித்தவர் ஆபத்தோடு மருத்துவரிடம் வருகிறார். எந்த நோய்க்குறியும் இல்லாமல் நலமாக நடமாடுகிறவரை நாமே அழைத்து, "உனக்குப் புற்றுநோய் இருக்கிறதா என்று சோதிக்கிறோம், வா" என்று சொல்லலாமா? சொன்னால் அவருக்கு நன்மை எவ்வளவு? தீமை எவ்வளவு?

"நோயை முன்கூட்டியே கண்டுபிடிப்பது நல்லதுதானே! இதில் தீமை எங்கே வந்தது?" என்று நீங்கள் கேட்கலாம். கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

சல்லடை என்றால் என்ன?

நலமாக இருப்பவர்கள் பலரைச் சோதித்து, நோய் இருக்கக்கூடிய சிலரைப் பிரித்தெடுப்பதை மருத்துவர்கள் ஸ்கிரீனிங் என்பார்கள். அச்சொல்லுக்குச் சல்லடையில் சலித்தல் என்றும் பொருள் உண்டு. ஆகவே நாம் இதனைச் சல்லடைச் சோதனை என்று அழைப்போம்.

குன்னூர்ப் பக்கத்துத் தேயிலைத் தொழிற்சாலைகளில் நீங்கள் சல்லடைகளைப் பார்த்திருக்கலாம். உலர்ந்து வந்த தேயிலை, ஆடும் சல்லடைகளின் மேல் ஓடி, பருமனுக்கு ஏற்பத் தரம் தரமாகப் பிரிகிறது. கண் பெரிதாக இருந்தால் வேண்டாத காம்பும் கீழே விழும். கண் சிறிதாக இருந்தால் நல்ல தூளும் மேலேயே தங்கிவிடும். ஒரு பிழையும் செய்யாத சல்லடை எங்கும் இல்லை. கண்ணைச் சிறிதாக்கினால் ஒருவகைப் பிழை குறையும், மற்றது கூடும். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

பெருங்குடலில் நடப்பது

நமது பெருங்குடல் ஏறத்தாழ ஒன்றரை மீட்டர் நீளமுள்ள குழாய். அதன் உட்சுவரில் சிலருக்கு, பெரும்பாலும் ஐம்பது வயதை ஒட்டி, சிறு சதை மொட்டுகள் முளைக்கின்றன. இவற்றைப் பாலிப் என்பார்கள். இவற்றில் மிகப் பெரும்பாலானவை ஒன்றும் செய்யாமல் அப்படியே இருந்துவிடும். ஒரு சில மட்டும் மெல்ல வளர்ந்து, பத்து ஆண்டுகள் அல்லது அதற்கும் மேல் கழித்துப் புற்றுநோயாக மாறும்.

இந்த நீண்ட இடைவெளிதான் மருத்துவர்களுக்குக் கிடைத்த வாய்ப்பு. மொட்டாக இருக்கும்போதே கண்டு வெட்டிவிட்டால் புற்றுநோய் வராமலே தடுக்கலாம். புற்றுநோய் குடலைத் தாண்டிப் பரவும் முன் கண்டால், பத்துப் பேரில் ஏறத்தாழ ஒன்பது பேர் ஐந்தாண்டுகளைக் கடந்து வாழ்கிறார்கள். மற்ற உறுப்புகளுக்குப் பரவிய பின் கண்டால் அந்த எண்ணிக்கை பத்தில் ஒன்றிரண்டாகச் சுருங்கிவிடுகிறது.

எப்படிக் கண்டுபிடிப்பது? மொட்டும் புற்றும் அவ்வப்போது துளித்துளியாக இரத்தம் கசியும். அது கண்ணுக்குத் தெரியாது. ஆனால் மலத்தில் கலந்திருக்கும். குவாயக் என்ற மரத்தின் பிசின் தடவிய அட்டையில் சிறிது மலத்தைப் பூசி, ஹைட்ரஜன் பெராக்சைடு விட்டால், இரத்தத்திலுள்ள ஹீம் என்ற பொருள் வினையைத் தூண்டி அட்டையை நீலமாக்கும். இது பழைய முறை. ஆட்டிறைச்சி தின்றவரின் மலமும் நீலமாகலாம் என்பது இதன் குறை. மனித இரத்தத்தை மட்டும் இனங்காணும் எதிர்ப்பொருளைப் பயன்படுத்துவது புதிய முறை.

இரண்டுமே சல்லடைகள்தாம். "இரத்தம் இருக்கிறது" என்று மட்டுமே அவை சொல்லும். இரத்தம் மூலத்திலிருந்தும் வரலாம், சீதபேதியாலும் வரலாம். எனவே "ஆம்" என்று விடை வந்தவரின் குடலுக்குள், முனையில் விளக்கும் காமிராவும் பொருத்திய வளையும் குழாயைச் செலுத்திப் பார்க்க வேண்டும். இதனைக் கொலோனோஸ்கோபி, அதாவது குடல் அகநோக்கிச் சோதனை என்பார்கள்.

இரண்டு ஊர்களின் கணக்கு

இப்போது காகிதமும் பென்சிலும் எடுத்துக்கொள்ளுங்கள்.

புதிய மலச் சோதனை, புற்றுநோய் உள்ள 100 பேரில் ஏறத்தாழ 80 பேரைப் பிடிக்கும். 20 பேரைத் தவறவிடும். தவறவிட்டதைப் பொய்யான "இல்லை" என்போம். புற்றுநோய் இல்லாத 100 பேரில் 94 பேருக்குச் சரியாக "இல்லை" என்று சொல்லும். 6 பேருக்கு "ஆம்" என்று சொல்லிவிடும். இதைப் பொய்யான "ஆம்" என்போம்.

முதல் ஊர் என்று ஒன்றைக் கற்பனை செய்வோம். அங்கே சோதனைக்குரிய வயதில் 10,000 பேர். அவர்களில் 30 பேருக்குத் தெரியாமலே பெருங்குடல் புற்றுநோய் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம்.

நோயுள்ள 30 பேரில் பிடிபடுபவர் 24. தவறுபவர் 6.
நோயில்லாத 9,970 பேரில் பொய்யான "ஆம்" பெறுபவர் 598.
ஆக "ஆம்" பெற்றவர் மொத்தம் 622.

இந்த 622 பேரில் உண்மையில் புற்றுநோய் உள்ளவர் 24 பேர்தான். அதாவது 26 பேருக்கு ஒருவர். "நூற்றுக்கு எண்பதைப் பிடிக்கும் சோதனை ஆயிற்றே! எனக்கு 'ஆம்' என்று வந்துவிட்டதே, எனக்கு எண்பது விழுக்காடு புற்றுநோய்!" என்று ஒருவர் அழுதால் அவர் கணக்குத் தவறு. அவருக்கு நோய் இருக்கும் வாய்ப்பு நூற்றுக்கு நான்குகூட இல்லை.

இரண்டாம் ஊரிலும் 10,000 பேர். ஆனால் அங்கே இந்த நோய் அரிது. 5 பேருக்கு மட்டுமே இருக்கிறது.

பிடிபடுபவர் 4. தவறுபவர் 1.
நோயில்லாத 9,995 பேரில் பொய்யான "ஆம்" பெறுபவர் 600.
"ஆம்" பெற்றவர் மொத்தம் 604.

இங்கே 151 பேருக்கு ஒருவருக்குத்தான் புற்றுநோய்! அதே சோதனை, அதே திறமை, அதே செலவு. ஊர் மாறியது, சோதனையின் பொருளே மாறிவிட்டது. சோதனையைப் பற்றிக் கேட்கும்போது "எவ்வளவு நல்ல சோதனை?" என்று மட்டும் கேட்டால் போதாது, "யாரிடையே நடத்தும் சோதனை?" என்றும் கேட்க வேண்டும்.

பொய்யான "ஆம்" பெற்றவர்களில் சிலருக்குப் பாலிப் மொட்டுகள் இருக்கும். அவற்றை வெட்டி எடுப்பது நன்மைத் தட்டில் சேரும். அதையும் மறக்கக் கூடாது.

தீமைத் தட்டு

"ஆம்" பெற்றவர்கள் எல்லாருக்கும் அகநோக்கிச் சோதனை வேண்டுமல்லவா? அதற்கு முதல் நாள் முழுவதும் திட உணவு கூடாது. பேதி மருந்து குடித்துக் குடலை முற்றிலும் சுத்தமாக்க வேண்டும். பேதி மருந்து குடித்தவர் குன்னூரிலிருந்து பர்லியார் வழியாக வளைந்து வளைந்து இறங்கும் பேருந்தில் கோவை வரை ஏறத்தாழ 70 கி.மீ. போக வேண்டியிருந்தால் அவர் பாடு என்ன? நாள் கூலிக்குத் தேயிலை பறிப்பவர் என்றால் இரண்டு நாள் கூலியும் போகும். துணைக்கு வருபவரின் கூலியும் போகும்.

இவை சிறிய தீமைகள். பெரியவையும் உண்டு. மலச் சோதனையில் "ஆம்" வந்தபின் செய்யப்படும் 10,000 அகநோக்கிச் சோதனைகளில் ஏறத்தாழ 17 அல்லது 18 பேருக்குக் கடுமையான இரத்தப் போக்கும், 5 பேருக்குக் குடலில் துளையும் ஏற்படுவதாக அமெரிக்க வல்லுநர் குழு ஒன்று 2021ஆம் ஆண்டில் பல ஆய்வுகளைத் தொகுத்துக் கணக்கிட்டது. நம் இரண்டு ஊர்களுக்கும் இதைப் பொருத்துங்கள். ஒவ்வோர் ஊரிலும் அறுநூற்றுச் சொச்சம் பேருக்குச் சோதனை; ஆகவே ஒவ்வோர் ஊரிலும் சுமார் ஒருவருக்குக் கடுமையான இரத்தப் போக்கு. முதல் ஊரில் 24 புற்றுநோய்களுக்கு ஈடாக அந்தத் துன்பம். இரண்டாம் ஊரில் 4 புற்றுநோய்களுக்கு ஈடாக அதே துன்பம். இந்தத் துன்பம் நேருகிறவர் பெரும்பாலும் புற்றுநோய் இல்லாதவர் என்பதையும் கவனியுங்கள்.

மூன்றாவது தீமை கண்ணுக்குத் தெரியாதது. வாழ்நாள் முழுவதும் தொல்லை தராமல் உறங்கிக் கிடக்கக்கூடிய சிறு புற்றையும் சோதனை பிடித்துவிடும். எது உறங்கும், எது பாயும் என்று அப்போது சொல்ல இயலாததால் எல்லாவற்றுக்கும் சிகிச்சை செய்வார்கள். தென்கொரியாவில் இது பெரிய அளவில் நடந்தது. அங்கே ஒலி அலைக் கருவியால் பலருடைய தைராய்டு சுரப்பியையும் சோதித்தார்கள். 2011ஆம் ஆண்டில் கண்டுபிடிக்கப்பட்ட தைராய்டு புற்றுநோயின் விகிதம் 1993இல் இருந்ததைப் போல 15 மடங்கு ஆயிற்று. ஆனால் அந்நோயால் இறப்பவர் விகிதம் குறையவே இல்லை. பல்லாயிரம் பேர் தேவையில்லாமல் சுரப்பியை இழந்து, ஆயுள் முழுவதும் மாத்திரை விழுங்க வேண்டியவர்களானார்கள்.

நான்காவது, பெயர் ஒட்டிக்கொள்ளும் தீமை. இதற்கு நம் மலையிலேயே எடுத்துக்காட்டு உண்டு. நீலகிரிப் பழங்குடி மக்களிடையே அரிவாள் அணுச் சோகை என்னும் பரம்பரை இரத்த நோய் இருப்பதை லேமன், கட்புஷ் என்ற இருவர் 1952ஆம் ஆண்டில் வெளியிட்டனர். இன்று அதற்கும் சல்லடைச் சோதனை நடக்கிறது. 2023இல் தொடங்கிய தேசிய இயக்கம் ஒன்று 7 கோடிப் பேரைச் சோதிப்பதைக் குறிக்கோளாகக் கொண்டது. நோயுள்ள குழந்தையை முன்பே அறிந்தால் காக்க முடியும். இது பெரிய நன்மை. ஆனால் பெற்றோரில் ஒருவரிடமிருந்து மட்டும் அந்த மரபணுவைப் பெற்றவர் நோயாளி அல்லர். அவருக்கும் ஓர் அட்டை கொடுத்து, ஊரார் அதைத் தவறாகப் புரிந்துகொண்டால், நலமான பெண்ணுக்குத் திருமணம் தடைப்படும். எனவே அங்கே ஊசியைவிட விளக்கிச் சொல்வதே முக்கியமான மருந்து.

நன்மைத் தட்டு: உண்மையில் உயிர் காக்கிறதா?

நன்மையை அளப்பது எளிது என்று தோன்றும். "சோதனையில் கண்டுபிடிக்கப்பட்டவர்கள் அதிக ஆண்டுகள் வாழ்கிறார்களா?" என்று பார்த்தால் போதாதா? போதாது. அதில் ஒரு கண்கட்டு வித்தை ஒளிந்திருக்கிறது.

ஒருவர் 63ஆம் வயதில் வயிற்றுவலியோடு வந்து புற்றுநோய் என்று அறிகிறார். 66ஆம் வயதில் இறக்கிறார். நோயை அறிந்தபின் வாழ்ந்தது 3 ஆண்டுகள். அதே மனிதரை 58ஆம் வயதிலேயே சோதித்துக் கண்டுபிடித்திருந்தால்? சிகிச்சை பயன் தராமல் அவர் அதே 66ஆம் வயதில் இறந்தாலும், "நோயை அறிந்தபின் 8 ஆண்டுகள் வாழ்ந்தார்" என்று கணக்கு எழுதுவார்கள். அவர் ஆயுள் ஒரு நாளும் கூடவில்லை. நோயாளி என்ற பெயரோடு வாழ்ந்த நாள்தான் கூடியது. குன்னூரில் நின்று மேட்டுப்பாளையத்திலிருந்து ஏறிவரும் மலை இரயிலைப் பார்ப்பவர், தொலைவிலேயே புகையைக் கண்டுவிட்டால் இரயில் முன்னதாக வந்துவிடுமா?

இந்த மயக்கத்திலிருந்து தப்ப ஒரே வழி, மக்களைக் குலுக்கல் முறையில் இரு குழுக்களாகப் பிரித்து, ஒரு குழுவுக்குச் சோதனை தந்து, மற்றொன்றுக்குத் தராமல், பல ஆண்டுகள் கழித்து இரண்டிலும் இறந்தவர்களை எண்ணுவது.

அமெரிக்காவில் மின்னசோட்டா மாநிலத்தில் 1975ஆம் ஆண்டில் தொடங்கிய ஆய்வு அப்படிப்பட்டது. 50 முதல் 80 வயது வரையுள்ள 46,551 பேர் இதில் சேர்ந்தனர். முடிவு 1993இல் வெளிவந்தது. 13 ஆண்டுகளில் பெருங்குடல் புற்றுநோயால் இறந்தவர்கள், சோதனை பெறாத குழுவில் 1,000க்கு 8.83 பேர், ஆண்டுதோறும் மலச் சோதனை செய்த குழுவில் 1,000க்கு 5.88 பேர்.

இதனை இருவகையாகச் சொல்லலாம். "இறப்பு மூன்றில் ஒரு பங்கு குறைந்தது!" என்று சொன்னால் பெரிதாகத் தோன்றுகிறது. "ஆயிரம் பேரை 13 ஆண்டுகள் சோதித்து 3 பேரைக் காத்தார்கள்" என்று சொன்னால் சிறிதாகத் தோன்றுகிறது. இரண்டும் ஒரே உண்மை. செய்தித்தாளில் முதல் வகைதான் தலைப்பாக வரும். நீங்கள் இரண்டாவது வகையையும் கேட்டு வாங்க வேண்டும். இரண்டாவது எண் இல்லாமல் தராசில் எடை போட முடியாது.

2022ஆம் ஆண்டில் இன்னொரு பெரிய ஆய்வின் முடிவு வந்தது. போலந்து, நார்வே, சுவீடன் நாடுகளில் 84,585 பேரைத் தொடர்ந்த ஆய்வு அது. ஒரு குழுவினரை நேரடியாக அகநோக்கிச் சோதனைக்கு அழைத்தார்கள். பத்தாண்டுகளில் 10,000 பேருக்குக் கணக்கிட்டால், அழைக்கப்படாத குழுவில் 120 பேருக்கும் அழைக்கப்பட்ட குழுவில் 98 பேருக்கும் பெருங்குடல் புற்றுநோய் வந்தது. ஒருவருக்கு நோய் வராமல் தடுக்க 455 பேரை அழைக்க வேண்டியிருந்தது. இறப்பில் வேறுபாடு 31க்கு 28. அது தற்செயலாகவும் இருக்கலாம் என்னும் அளவுக்குச் சிறியது. அழைக்கப்பட்டவர்களில் 42 விழுக்காட்டினர்தான் வந்தார்கள் என்பதையும் சேர்த்து எண்ண வேண்டும். வீட்டில் தங்கியவரைச் சல்லடை சலிக்காதல்லவா?

சல்லடைக் கண்ணைத் திருத்திய நாடு

நெதர்லாந்து 2014ஆம் ஆண்டில் மலச் சோதனைத் திட்டத்தைத் தொடங்கியது. ஒரு கிராம் மலத்தில் 15 மைக்ரோகிராம் இரத்தப் புரதம் இருந்தால் "ஆம்" என்று முதலில் வைத்தார்கள். எதிர்பார்த்ததைவிட அதிகம் பேருக்கு "ஆம்" வந்தது. அத்தனை பேருக்கும் அகநோக்கிச் சோதனை செய்ய மருத்துவமனைகளில் இடம் போதவில்லை. அதே ஆண்டிலேயே எல்லையை 47 மைக்ரோகிராமாக உயர்த்தினார்கள். பொய்யான "ஆம்" குறைந்தது. அதற்கு விலையாகச் சில நோயாளிகள் தவறிப் போவார்கள் என்பதைத் தெரிந்தேதான் செய்தார்கள். தேயிலைத் தொழிற்சாலையில் பார்த்த அதே சல்லடைக் கதைதான்!

திண்டுக்கல் காட்டிய வழி

நம் நாட்டுக்கு வருவோம். இந்தியாவில் பெருங்குடல் புற்றுநோய் ஆண்டுக்கு ஓர் இலட்சம் பேரில் சுமார் 5 பேருக்கு வருகிறது. வயது வேறுபாட்டைச் சரிசெய்து பார்த்தால் நார்வே, ஜப்பான் போன்ற நாடுகளில் இது 30ஐத் தாண்டும். அதாவது அவை முதல் ஊர். நாம் இரண்டாம் ஊர். 2016ஆம் ஆண்டில் நம் நடுவண் அரசு வகுத்த சல்லடைச் சோதனை நெறிமுறையில் வாய், மார்பகம், கருப்பை வாய் ஆகிய மூன்று புற்றுநோய்கள் இடம்பெற்றதும், பெருங்குடல் புற்றுநோய் இடம்பெறாததும் ஏன் என்பது இப்போது புரியும்.

கருப்பை வாய்ப் புற்றுநோய்க்குத் தமிழ்நாட்டிலேயே தராசு பிடித்துப் பார்த்திருக்கிறார்கள். திண்டுக்கல் மாவட்டத்தில், அம்பிளிக்கையிலுள்ள மருத்துவ மையத்தினர் பிரான்சிலுள்ள பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு நிறுவனத்தோடு சேர்ந்து 2000ஆம் ஆண்டில் ஓர் ஆய்வைத் தொடங்கினார்கள். 30 முதல் 59 வயது வரையுள்ள பெண்கள் வாழும் 114 பகுதிகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள்: 57 பகுதிகளுக்குச் சோதனை, 57 பகுதிகளுக்கு வழக்கமான மருத்துவ வசதி மட்டும்.

சோதனை மிக எளிது. வீட்டுக் காடியில் இருக்கும் அசெட்டிக் அமிலத்தைத்தான், நீர்த்த கரைசலாகக் கருப்பை வாயில் தடவுவார்கள். ஒரு நிமிடம் கழித்து, மாறுதலடைந்த பகுதி வெளுத்துத் தெரியும். பயிற்சி பெற்ற செவிலியரே இதைச் செய்தனர். வெட்டி எடுக்கும் சோதனையோ பெரிய ஆய்வுக் கூடமோ முதலில் தேவையில்லை.

சோதனைக் குழுவில் 49,311 பெண்கள். அவர்களில் சோதனைக்கு வந்தவர்கள் 31,343 பேர். "ஆம்" பெற்றவர்கள் 3,088 பேர், அதாவது பத்தில் ஒருவர். புற்றுநோய்க்கு முந்திய மாற்றம் காணப்பட்டவர்களில் 72 விழுக்காட்டினர் சிகிச்சை பெற்றனர். அந்த மாற்றங்களில் பல தாமாகவே மறைந்திருக்கும். யாருடையது மறையும் என்று சொல்ல முடியாததால், தேவையில்லாத சிகிச்சையும் அதில் கலந்தே இருந்தது.

2007ஆம் ஆண்டில் முடிவு வெளியானது. ஓர் இலட்சம் பெண்களை ஓர் ஆண்டு தொடர்ந்தால் இந்நோயால் இறப்பவர்கள், சோதனை இல்லாத பகுதிகளில் ஏறத்தாழ 51 பேர். சோதனை நடந்த பகுதிகளில் ஏறத்தாழ 30 பேர். வயது முதலிய வேறுபாடுகளைச் சரிசெய்தபின் இறப்பு 35 விழுக்காடு குறைந்தது என்று ஆய்வாளர்கள் கணித்தார்கள். நாம் கற்ற இரண்டாவது வகையில் சொன்னால், ஆயிரம் பெண்களை ஏழு ஆண்டுகள் தொடர்ந்தால் ஒன்றிரண்டு பேரின் உயிர் காக்கப்பட்டது. சோதனை ஒரே ஒரு முறை நடந்தது. மூன்றில் ஒரு பங்கினர் வரவே இல்லை. அப்படியிருந்தும் கிடைத்த பயன் இது. காத்த உயிர்களில் நாற்பது வயதுத் தாய்மார்கள் பலர் என்பதையும் எண்ணினால் தட்டு எந்தப் பக்கம் சாய்கிறது என்பது தெளிவு.

இந்த ஆய்வைப் பற்றி ஒரு கடினமான கேள்வியும் பின்னாளில் எழுந்தது. சோதனை பெறாத 57 பகுதிப் பெண்களை வெறுமனே எண்ணிக்கொண்டிருந்தது நியாயமா? வேறு வகைச் சோதனைகள் உலகில் இருந்தனவே என்றனர் சிலர். அவர்களுக்கு வழக்கமாகக் கிடைத்து வந்ததும் இதுதான். ஒப்பிட ஒரு குழு இல்லாமல் உண்மை தெரியாது என்றனர் மற்றவர்கள். உங்கள் வகுப்பில் இதை ஒரு விவாதமாக வைத்துப் பாருங்கள். அறிவியல் கேள்விகளில் சில, கணக்கோடு முடிந்துவிடுவதில்லை.

தராசு பிடிப்பவர் கேட்க வேண்டியவை

1968ஆம் ஆண்டில் உலக நல நிறுவனத்துக்காக வில்சன், யுங்னர் என்ற இருவர், சல்லடைச் சோதனையைத் தொடங்கும் முன் பார்க்க வேண்டிய பத்து நெறிகளை எழுதினார்கள். இன்றும் அவை பயன்படுகின்றன. அவற்றின் சாரத்தைக் கேள்விகளாக வைத்துக்கொள்ளலாம்.

1. இந்த ஊரில் அந்த நோய் எவ்வளவு பேருக்கு வருகிறது?
2. நோய் வெளிப்படும் முன் அதைப் பிடிக்கப் போதிய இடைவெளி உண்டா?
3. சோதனை மக்கள் ஏற்கக்கூடியதா?
4. முன்கூட்டிக் கண்டால் செய்வதற்குப் பயனுள்ள சிகிச்சை உண்டா? அது அவர்களுக்கு எட்டும் தொலைவில் இருக்கிறதா?
5. செலவு நியாயமானதா? அதே பணத்தில் வேறு நோயில் அதிக உயிர்களைக் காக்க முடியுமா?

இந்தக் கட்டுரையை யாரும் தவறாகப் புரிந்துகொள்ளக் கூடாது என்பதற்காக ஒன்றைச் சொல்லியாக வேண்டும். இங்கே பேசியது நோய்க்குறி இல்லாதவர்களைப் பற்றி மட்டுமே. மலத்தில் இரத்தம் போனாலோ, மலங்கழிக்கும் வழக்கம் திடீரென மாறி நீடித்தாலோ, காரணமின்றி உடல் இளைத்தாலோ, சோகை பிடித்தாலோ, "இந்தியாவில் இது அரிது" என்று சும்மா இருக்கக் கூடாது; மருத்துவரிடம் உடனே செல்ல வேண்டும். பெற்றோருக்கோ உடன்பிறந்தவருக்கோ பெருங்குடல் புற்றுநோய் வந்திருந்தால் அவரும் மருத்துவரைக் கலந்துகொள்ள வேண்டும். ஏனெனில் இவர்கள் இரண்டாம் ஊரைச் சேர்ந்தவர்கள் அல்லர். ஆபத்தில் முதல் ஊரையும் மிஞ்சியவர்கள்.

நம் நாட்டின் தட்டுகளும் என்றும் இப்படியே இருக்கப் போவதில்லை. மக்கள் அதிக நாள் வாழ்கிறார்கள். உணவும் உழைப்பும் மாறுகின்றன. இரண்டாம் ஊர் ஒருநாள் முதல் ஊராகலாம். அப்போது கணக்கை மறுபடி போட வேண்டும். அதைப் போடப்போகும் மருத்துவரோ செவிலியரோ புள்ளியியலாளரோ இன்று இதைப் படிக்கும் உங்களில் ஒருவராகவும் இருக்கலாம்.

செய்து பாருங்கள்

1. மூன்றாம் ஊரில் 10,000 பேரில் 50 பேருக்கு நோய் இருக்கிறது. அதே மலச் சோதனையைச் செய்தால் பிடிபடுபவர், தவறுபவர், பொய்யான "ஆம்" பெறுபவர் எத்தனை பேர்? "ஆம்" பெற்றவர்களில் எத்தனை பேருக்கு ஒருவர் உண்மை நோயாளி?

2. சல்லடைக் கண்ணை மாற்றி, பொய்யான "ஆம்" நூற்றுக்கு 2 ஆகவும், பிடிபடுவது நூற்றுக்கு 60 ஆகவும் குறைந்தால் முதல் ஊரின் கணக்கு என்ன ஆகும்? நீங்கள் நலத்துறை அதிகாரியாக இருந்தால் எந்தச் சல்லடையைத் தேர்ந்தெடுப்பீர்கள்? காரணம் எழுதுக.

3. "இந்தச் சோதனையால் இறப்பு பாதியாகக் குறைகிறது" என்று ஒரு விளம்பரம் சொல்கிறது. நீங்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி எது?

விடைகள்: (1) 40, 10, 597, ஏறத்தாழ 16 பேருக்கு ஒருவர். (2) பிடிபடுபவர் 18, தவறுபவர் 12, பொய்யான "ஆம்" 199. "ஆம்" பெற்றவர்களில் 12 பேருக்கு ஒருவர் நோயாளி. தேர்வு உங்களுடையது, அகநோக்கிச் சோதனை வசதி எவ்வளவு இருக்கிறது என்பதை மறவாதீர்கள். (3) ஆயிரம் பேருக்கு எத்தனையிலிருந்து எத்தனையாகக் குறைகிறது?